வாசகர் கேள்வி – பதில்: மலைமண்ணும் உயிர்க்கரியும்

கேள்வி: லயத்துக்குப் பின்னால் உள்ள நான்கு பேர்ச் நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா பயிரிடுகிறோம். பெருமழை பெய்து ஓய்ந்தால் இலைகள் மஞ்சளித்துவிடுகின்றன. பசளை போட்டும் நிற்பதில்லை. அடுப்புக்கரியை இடித்துப் போட்டால் மண் தேறும் என்றார்கள். போட்ட பின்னர் பயிர் மேலும் வெளிறியது. உயிர்க்கரி என்பது வேறு பொருளா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: விறகு, குச்சி போன்றவற்றைக் காற்றுக் குறைவாக எரித்து, மண்ணைத் தேற்ற இடும் கரியையே உயிர்க்கரி என்கிறோம். நீங்கள் இட்டதும் கரிதான். ஆனால், அதைப் பக்குவப்படுத்தாமல் இட்டதே வெளிறலுக்குக் காரணமாக இருக்கக்கூடும். கரித்துண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஆனது. அதைத் தனியாக மண்ணில் இட்டால், பயிருக்குச் சேர வேண்டிய நைதரசனில் ஒரு பகுதியை முதலில் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சில வாரங்களில் பயிர் பட்டினி கிடக்கும்.

உங்கள் நிலத்தின் அடிப்படைக் குறையையும் கவனிக்க வேண்டும். மலையகத்தில் பரவலாகக் காணப்படும் செம்மஞ்சள் மண்ணின் களிக்கு ஊட்டங்களைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. ஆகையால் பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றோடு நைத்திரேற்றையும் மழை கீழே கழுவிக்கொண்டு போக, மண் ஆண்டுக்கு ஆண்டு புளித்துக்கொண்டே வருகிறது. மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) காட்டும் பீஎச் பெறுமானம் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 5 இற்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். இட்ட பொசுபரசும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்கு எட்டாமல் போகும். கோவாவின் வேர் வீங்கி அழுகும் நோயும் இத்தகைய புளித்த மண்ணில்தான் அதிகம். உயிர்க்கரி உதவுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலான கரிகள் காரத்தன்மை உடையவை என்பதால் புளிப்பைத் தணிக்கின்றன; மண்ணில் நாட்பட நாட்பட அவற்றின் மேற்பரப்பு பொட்டாசியத்தையும் அமோனியத்தையும் பிடித்து வைத்து வேருக்கு விடும் தன்மையைப் பெறுகிறது.

எனினும் அது பசளை அன்று. மரக்கரியில் நைதரசன் மிகச் சொற்பம். பசளைக்கு மாற்று என்று கூறி எவரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். 2021 இல் இரசாயனப் பசளை ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது நம் மரக்கறிச் செய்கையாளர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது.

கரியை நெல்மணி அளவுக்கு உடைத்து, ஒரு வாளிக் கரிக்கு மூன்று வாளி கூட்டெரு அல்லது மட்கிய சாணம் என்ற அளவில் கலந்து, நீர் கலந்த மாட்டுச் சிறுநீரைத் தெளித்து, மழை படாமல் மூடி மூன்று நான்கு வாரங்கள் வையுங்கள். உடைக்கும்போது கரியை நனைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. பேர்ச் ஒன்றுக்கு 12 கிலோகிராம் கரி முதல் தடவைக்குப் போதும்; 25 கிலோகிராமுக்கு மேல் வேண்டாம், ஏனெனில் ஒரு முறை மண்ணில் கலந்த கரியைத் திரும்ப எடுக்க முடியாது. மேல்மண்ணில் அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலப்பதும் முக்கியம். மேலே தூவிவிட்டால், பாரமற்ற அந்தக் கரி முதல் மழையிலேயே கானுக்குள் போய்ச் சேரும். ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்திக்கு அதே கூட்டெருவையும் பசளையையும் கரியில்லாமல் கொடுத்து ஒரு போகம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கழிந்த போஞ்சிக் கம்புகளும் சவுக்குக் கிளைகளும் எங்களிடம் நிறைய உள்ளன. வீட்டிலேயே கரி தயாரிக்கலாமா? உருளைக்கிழங்குக்கு இடலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: தயாரிக்கலாம். மேலே மூன்றடி அகலமும் இரண்டடி ஆழமுமாக, அடி ஒடுங்கிய குழி ஒன்றை வெட்டி, அடியில் சிறு தீ மூட்டி, காய்ந்த குச்சிகளை மெல்லிய படையாக அடுக்குங்கள். மேற்படையில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த படையை இடுங்கள்; மேலே எரியும் சுவாலை காற்றைத் தின்றுவிடுவதால் கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். குழி நிறைந்ததும் நிறைய நீர் ஊற்றி முற்றாக அணைத்துவிடுங்கள். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள்: ‘கிளிங்’ என்ற ஓசையுடன் முறிந்து உள்ளும் கறுப்பாக இருந்தால் கரி முற்றியது, நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தாலோ, கையில் பிசுக்காக ஒட்டினாலோ அது அரைவேக்காடு. ஈர விறகு புகையைத்தான் தரும். உங்கள் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட நாட்கள் இதற்கு ஏற்றவை. வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக் எதுவும் குழிக்குள் போகக்கூடாது.

உருளைக்கிழங்கு விடயத்தில் அவதானம் தேவை. மண்ணின் புளிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் கிழங்கின் தோலில் சொறிநோய் கூடும். ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகையான டொலமைட் இட்ட போகத்தில் கரியையும் சேர்த்து இடாதீர்கள்.

கேள்வி: தேயிலைக்கு இடலாமா? கவ்வாத்தில் வெட்டிய கிளைகளை, அதாவது மிலாறை, கரியாக்கலாமா?
– வாசகர், கொத்மலை

பதில்: தேயிலை புளித்த மண்ணை விரும்பும் பயிர், 4.5 முதல் 5.5 வரையான பீஎச் அதற்கு ஏற்றது. உங்கள் மண் அந்த எல்லைக்குள் இருந்தால் காரத்தன்மையுள்ள கரியை இட்டு அதைக் குலைக்க வேண்டாம். பல்லாண்டுப் பசளையால் 4.5 இற்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும், கவ்வாத்துக்குப் பின்னர் சில வரிசைகளில் சிறிதளவு இட்டுப் பார்க்கலாம். மிலாறில் தடித்த தண்டுகளை மட்டும் எடுங்கள். இலையும் இளங்குச்சியும் செடியடியிலேயே மட்கட்டும். அவற்றில் உள்ள நைதரசனை எரித்துவிட்டால் எந்தக் கரியும் அதைத் திருப்பித் தராது.