இரட்டைமலை சீனிவாசன்: கேட்டவர்களுக்குப் பதில்

‘பறையன்’ பத்திரிகை நடத்திய, தாழ்த்தப்பட்டவர்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி வந்த கேள்விகள் இவை. தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இரட்டைமலை என்ற ஊர் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. அது அவருடைய அப்பா பெயர். ஊர் மதுராந்தகம் பக்கம் கோழியாளம், பிறந்தது 1860 வாக்கில்.

பத்திரிகைக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

கிடைத்திருக்கும். வேண்டாம் என்றுதான் இதை வைத்தார். கோயம்புத்தூரில் அவர் படித்த கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள்; பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் பழகாமல், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்ததாக எழுதியிருக்கிறார். அப்படி ஒளிந்து படித்தவர்தான் 1893 அக்டோபரில் அந்தப் பெயரைத் தலைப்பிலேயே போட்டார். நாலு பக்கம், விலை இரண்டு அணா. சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வார இதழாகிவிட்டது. ‘அது நான்தான்’ என்று ஒவ்வொருவனும் முன்னுக்கு வராவிட்டால் உரிமை கேட்க ஆள் ஏது என்பதுதான் அவர் வாதம். வாங்க வருகிறவனும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தானே கேட்க வேண்டும்!

அயோத்திதாசர் இந்தப் பெயரை ஏற்கவே இல்லையே. இதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அது எதிரிகள் ஒட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், அதாவது ஆதியில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்பது அதே காலத்துத் தலித் அறிஞரான அயோத்திதாசரின் நிலை. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இதில் இன்னொன்று, சீனிவாசனின் சகோதரியைத்தான் அவர் மணந்திருந்தார். மைத்துனர்களுக்குள்ளேயே தீராத வழக்கு இது.

அப்படியானால் யார் சொன்னது சரி?

இதை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். பட்டிமன்றத் தீர்ப்பு என்னிடம் இல்லை. வசவைப் பிடுங்கித் தன் கொடியாக்கினார் ஒருவர். அந்த வசவே பொய் வரலாறு என்று நிரூபிக்கப் போனார் மற்றவர். என் சாய்வு சீனிவாசன் பக்கம், மறைக்கவில்லை. ஆனால் அவரை உயர்த்த அயோத்திதாசரைத் திட்டி எழுதிய மூன்று கடிதங்களையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

வெள்ளைக்காரனுக்கு மனுப் போட்டவர்தானே?

ஆமாம், போட்டார். அந்த மனு 112 அடி நீளம், 3,412 கையெழுத்து. கலெக்டர் போன்ற உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்ட நேரம் அது. கூடாது என்று இவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எழுதினார்கள். துரோகம் என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 1893இல் இங்கே தேர்வு வைத்தால் யார் எழுதியிருப்பார்கள்? மேலே சொன்ன அந்தக் கல்லூரி வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களே கலெக்டராகவும் வந்தால் சேரிக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்? அரசாங்கத்தை அவர் நம்பியது சில இடங்களில் அளவுக்கு மீறியதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது.

பத்திரிகைக்காக ஜெயிலுக்குப் போனாரா?

இல்லை. 1896இல் ஒரு வழக்கு, நூறு ரூபாய் அபராதம்.

வட்டமேஜை மாநாட்டில் அரசருக்குக் கைகொடுக்க மறுத்தாராமே? படம் அனுப்பியிருக்கிறேன்.

படத்தை அழித்துவிடுங்கள். படத்தோடு வரும் வசனங்களை நம்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! 1939இல் வந்த அவருடைய சுயசரிதை சின்னப் புத்தகம்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். தீண்டாமை என்றால் என்ன என்று அரசர் கேட்டதாகவும், ஒருவன் தெருவில் விழுந்தால்கூட மேல்சாதிக்காரன் தூக்கிவிட மாட்டான் என்று விளக்கியதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

எம்.சி. ராஜா பற்றி?

அதே காலத்து இன்னொரு தலித் தலைவர், தனியாகப் பேச வேண்டிய ஆள். இங்கே வேண்டாம்.

சட்டசபையில் உருப்படியாக என்ன செய்தார்?

பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தடை கூடாது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. தெருக்கள் உடனே திறந்துவிடவில்லை, அது வேறு கதை.

பழைய ‘பறையன்’ இதழ்களை எங்கே படிக்கலாம்?

நல்ல கேள்வி, கடைசியில் வந்திருக்கிறது. இதழாகக் கிடைப்பது அரிது. அந்தக் காலத்து அரசு, சுதேசிப் பத்திரிகைகளில் வந்ததை வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்துக்கொண்டது. வேவு பார்க்க எழுதியது நமக்கு ஆவணமாகிவிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தத் தொகுதிகளைக் கேளுங்கள்.

அந்த இரட்டைமலைக்கு எப்படிப் போவது?

முதல் பதிலைப் படியுங்கள்.