சாயத்தில் பி.எச்டி.யா என்று பயப்படும் அம்மாவுக்கு

உங்கள் மகள் சாயத்தில் பி.எச்டி. சேரப்போகிறாள் என்று எழுதி, “எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் எடுத்தவள், கடைசியில் சாயப்பட்டறைக்கா போகணும்?” என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, திருப்பூர்க் கழிவுநீரை முதலில் மறந்துவிடுங்கள்.

பல் அடைக்கப் போயிருக்கிறீர்களா? டாக்டர் பசை மாதிரி ஒன்றைக் குழியில் வைத்து, நீல விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டுவார், கல்லாக இறுகிவிடும். அதில் கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள் துளியூண்டு இருக்கும். 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அது வாங்கிக்கொண்டு, கூட இருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தோடு சேர்ந்து, சின்ன மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்து பாலிமர் ஆகும் வினையைக் கிளப்பிவிடும். பயாப்சி ஸ்லைடுக்கு நிறம் ஏற்றுகிற இயோசின் இதையே பச்சை ஒளியில் செய்யும், அதற்கும் ஒரு அமீன் துணை வேண்டும். உங்கள் மகள் எடுத்திருப்பது, சாயத்தையும் ஒளியையும் வைத்துப் பொருளை இறுக்கும் இந்த வகை வேலைதான். புதுசு என்று பயப்படவும் வேண்டாம், 1954-லேயே ஜெரால்ட் ஆஸ்டர் என்ற விஞ்ஞானி நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதை எழுதிவிட்டார்.

இப்போது ஏன் மவுசு என்றால், வழக்கமான இனிஷியேட்டர்கள் (ஒளி பட்டதும் இந்த வினையைத் தொடங்கிவைக்கும் பொருட்கள்) பலவற்றுக்குப் புறஊதா விளக்கு வேண்டும், சிலவற்றின் மேல் உடல்நலப் புகாரும் உண்டு. ஜெல் நெயில் பாலிஷில் இருந்த டிபிஓ என்ற இனிஷியேட்டரை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் அழகுசாதனங்களில் தடை செய்தது. சாயமோ கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும்; வெயிலே போதும் என்றால் விளக்குச் செலவும் மிச்சம். ஆனால் வெயில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வினையைப் பாதியில் நிறுத்திவிட மேல்பரப்பு பிசுபிசு என்று நிற்கும், சாயத்தின் நிறமும் பொருளில் தங்கிவிடலாம். இதையெல்லாம் சரிசெய்யத்தான் ஆராய்ச்சி.

வேலைக்கு வருகிறேன். “சாய இனிஷியேட்டர் நிபுணர் தேவை” என்று யாரும் விளம்பரம் போடப்போவதில்லை. பெயின்ட், பிரிண்டிங் இங்க், பல் மருத்துவப் பொருட்கள், 3டி பிரிண்டிங் ரெசின் கம்பெனிகளில் ஃபார்முலேஷன் ஆட்களை, அதாவது எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்பவர்களை, எடுப்பார்கள், அந்த வாசலில் போய் நிற்க சாயம் மட்டும் தெரிந்தால் பத்தாது, இறுகப்போகும் பசையான ரெசினும் தெரிய வேண்டும். அதனால் சேருவதற்கு முன் கைடிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: லேபில் ரியல்-டைம் எஃப்.டி.ஐ.ஆர்., போட்டோ-டி.எஸ்.சி. (ஒளி படும்போதே வினை எவ்வளவு நடக்கிறது என்று அளக்கும் கருவிகள்) இருக்கிறதா? பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவதுக்கு மழுப்பினால் வேறு லேப் பாருங்கள்.

அப்புறம், ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டாளா? அதை எழுதவே இல்லையே. இருந்தால் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; இல்லையென்றால் ப்ராஜெக்டில் சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.