நீக்கப்பட்ட கட்டுரைக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: கோவைப் பக்கம் காகிதக் கப், பாக்குமட்டைத் தட்டு மொத்த வியாபாரம் செய்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘ஒருமுறை பயன்படுத்தும் உணவுக் கலன்கள்’ என்று ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். இரண்டே நாளில் விளம்பரம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். மறுநாளே ஒருவர் போன் செய்தார். 18,000 ரூபாய் கொடுத்தால் மறுபடி ஏற்றி, யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வாராம். கொடுக்கலாமா? நானே எழுதுவதென்றால் எப்படி?

பதில்: கொடுக்காதீர்கள். பேரம் பேசி 2,000-க்கு இறங்கி வந்தாலும் கொடுக்காதீர்கள்.

அவருக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? எந்தக் கட்டுரை, எப்போது, என்ன காரணத்துக்காக நீக்கப்பட்டது என்ற பதிவேடு விக்கிப்பீடியாவில் யார் கண்ணுக்கும் தெரியும். இந்த ஆட்கள் அதைத் தினமும் மேய்கிறார்கள். கட்டுரையில் கடைப் பெயரோ இணைப்போ இருந்திருந்தால் அங்கிருந்து போன் நம்பருக்கு வர ஐந்து நிமிடம் போதும். இது பழைய வித்தை. 2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பலைச் சேர்ந்த 381 கணக்குகளை முடக்கினார்கள். ஏற்கப்படாத வரைவுகளைத் தேடிப் பிடிப்பது, அனுபவசாலி போலப் பேசிக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது, பிறகு ‘பாதுகாப்பு’ என்று மாதாமாதம் கறப்பது, இதுதான் அவர்கள் தொழில். கும்பல் மாட்டியபோது அவர்கள் ஏற்றிய கட்டுரைகளும் சேர்ந்தே போயின. காசு கொடுத்தவருக்குக் காசும் இல்லை, கட்டுரையும் இல்லை.

உங்களுக்குப் போன் செய்தவர் ‘நான் நிர்வாகி’ (கட்டுரையை நீக்கும் அதிகாரம் உள்ளவர்) என்று சொன்னால் பயனர் பெயரைக் கேளுங்கள். காசு வாங்கி எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 ஜூனிலிருந்து, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதி. அந்த அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள், அநேகமாக லைன் கட்டாகிவிடும். இன்னொன்று: விக்கிப்பீடியாவில் கடை இணைப்பு இருந்தால் கூகுளில் மேலே வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்குள்ள வெளியிணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி 2007-லிருந்தே இருக்கிறது.

சரி, ஏன் நீக்கினார்கள்? தலைப்பில் தவறில்லை. கப், தட்டு, பார்சல் டப்பா எல்லாம் கலைக்களஞ்சியத்துக்கு ஏற்ற பொருள்தான். எழுதிய குரல்தான் பிரச்சினை. ‘தரமான, 100 சதவீதம் மக்கும், சுற்றுச்சூழலுக்கு உகந்த கப்புகள் இன்று அனைவராலும் விரும்பப்படுகின்றன’ என்பது போன்ற வரி ஒன்றாவது இருந்திருக்கும். விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் வர வேண்டிய வரி அது. அதே இடத்தில் இப்படி எழுதலாம்: ‘காகிதக் கப்பின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் பூச்சு உண்டு. நீர் ஊறாமல் தடுப்பதோடு, சூடு பட்டு உருகி, பசை இல்லாமலே பக்கவாட்டு ஒட்டைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். குளிர்பானக் கப்பில் வெளியே வியர்க்கும் நீரால் காகிதம் நைந்துபோகாமல் இருக்க இரு பக்கமும் பூச்சு இருக்கும். இந்தப் பூச்சைக் காகிதத்திலிருந்து பிரிப்பது கடினம் என்பதால் சாதாரணக் காகித ஆலைகள் இவற்றை மறுசுழற்சிக்கு எடுக்கத் தயங்குகின்றன.’ இதில் ஒரு பெயரடைகூடப் புகழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆதாரம் காட்ட முடியும். கடைசி வாக்கியம் உங்கள் வியாபாரத்துக்குப் பாதகம், அதனாலேயே அது அங்கே இருக்க வேண்டும்.

காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் சொன்னதையும் விடாதீர்கள்: காகிதக் கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் கலக்கின்றன. அவ்வளவுதான் எழுதுங்கள். ‘புற்றுநோய் வரும்’ என்று வாட்ஸ்அப் பாணியில் நீட்டவும் வேண்டாம், ‘பயப்படத் தேவையில்லை’ என்று கடைக்காரர் பாணியில் அமுக்கவும் வேண்டாம்.

ஆதாரம் என்றால் உங்களோடும் உங்கள் சப்ளையரோடும் தொடர்பில்லாதது: நாளிதழ்ச் செய்தி, ஆய்விதழ், பாடநூல், அரசிதழ். தயாரிப்பாளர் கையேடு செல்லாது, சங்க மலர் செல்லாது. உங்கள் கடை இணையதளத்தில் நீங்களே எழுதியதை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமை மீறல் என்று அது வேறு காரணத்தில் போகும். குறைந்தது மூன்று தனித்தனி ஆதாரம் கையில் இல்லாமல் உட்காராதீர்கள். தமிழில் இந்தப் பொருள் பற்றி உருப்படியான நூல் தேடினால் கைவலிதான் மிச்சம். அரசாணைகளோ சாய்வாக ஸ்கேன் செய்த படமாகக் கிடைக்கும், ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. நாளிதழ் இணைப்புகள் இரண்டு வருடத்தில் செத்துவிடும். ஆகவே எந்த இணைப்பைக் கொடுத்தாலும் முதலில் இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இணைய ஆவணகத்தில் (archive.org) ஒரு நகல் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடைச் சட்டம் பற்றிய பத்தியில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்தியா முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் தட்டு, கப், டம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் உண்டு. பூச்சுள்ள காகிதக் கப் இல்லை. இதை மட்டும் படித்துவிட்டு ‘காகிதக் கப்புக்குத் தடையில்லை’ என்று எழுதினால் தமிழ்நாட்டுக்கு அது தப்பு. இங்கே 2018 ஜூன் 25 அரசாணைப்படி 2019 ஜனவரி 1 முதல் 14 பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் தடையில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது, நெய்யாத துணிப் பையை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. அப்படியென்றால் தெருமுனை டீக்கடையில் இன்னும் காகிதக் கப் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கட்டுரையில் அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது. செய்தி வந்திருந்தால் மேற்கோள் காட்டுங்கள், கண்ணால் பார்த்ததை எழுதாதீர்கள். மத்திய விதிக்கு ஒரு வாக்கியம், மாநில ஆணைக்கு ஒரு வாக்கியம், தீர்ப்புக்கு ஒரு வாக்கியம், மூன்றுக்கும் தேதி. ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

அடுத்த வலை ‘மக்கும்’ என்ற சொல். நாட்பட்டுச் சிதைவதையும், குறித்த காலத்தில் உரமாக மாறுவதையும் நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பாக்குமட்டை கொல்லைக் குப்பைக் குழியில் மக்கும். சோள மாவிலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலக் கப்புக்கு 60 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் நடக்கும் தொழிற்கூட உரமாக்கல் வேண்டும், சாக்கடையில் கிடந்தால் பிளாஸ்டிக் மாதிரியே கிடக்கும். எனவே ‘தொழிற்கூடத்தில் உரமாகக்கூடியது’ என்று முழுதாக எழுதுங்கள்.

கட்டுரையில் எது வரும், எது வராது என்ற எல்லையையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பிஸ்கட் உறை இதில் வராது, அது ஆலையில் அடைத்த உணவு. ஓட்டலும் டீக்கடையும் பரிமாறவோ கட்டிக்கொடுக்கவோ பயன்படுத்துவதே இங்கே பொருள். வரலாற்றை அமெரிக்காவில் மட்டும் தொடங்காதீர்கள். 1907-இல் பாஸ்டனின் லாரன்ஸ் லூயெலன் உருவாக்கிய கப், 1909-இல் கான்சாஸ் மாநிலம் பலரும் வாய் வைத்துக் குடிக்கும் பொதுக் குவளையைத் தடை செய்ததும் அது பரவியது, இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கோயில் தொன்னையும் தைத்த மந்தாரை இலையும் இல்லாமல் தமிழில் இப்படி ஒரு கட்டுரை எதற்கு?

செய்முறை சுருக்கமாக. கணக்கின் பெயர் கடைப் பெயராக இருக்க வேண்டாம். பயனர் பக்கத்தில் ‘காகிதக் கப், பாக்குமட்டைத் தட்டு மொத்த வியாபாரி’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். இரண்டு வாரம் வேறு கட்டுரைகளில் எழுத்துப்பிழை, மேற்கோள் என்று சின்னச் சின்னத் திருத்தம் செய்யுங்கள். பிறகு மணல்தொட்டியில், அதாவது வெளியிடும் முன் எழுதிப் பார்க்கும் உங்கள் சொந்தப் பக்கத்தில், 400 சொல் போதும். ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு எடுத்துக் கொட்டாதீர்கள், முதல் வரியிலேயே தெரிந்துவிடும். படத்துக்கு, அச்சில்லாத வெள்ளைக் கப்பை உங்கள் போனிலேயே எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் பொதுவகத்தில் (Wikimedia Commons) ஏற்றுங்கள்.

பழைய கட்டுரையும் அழிந்துவிடவில்லை, நிர்வாகிகளின் கண்ணுக்குத் தெரியும். நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். நிர்வாகிகள் ஊதியமில்லாமல் உழைக்கிறவர்கள்தான், இருந்தாலும் புதியவர் முகத்தில் ஒரு வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்பை) ஒட்டிவிட்டுப் போவதற்குப் பதில் காரணத்தை இரண்டு வரி எழுதினால் இந்தத் தரகர்களுக்குப் பாதி வேலை போய்விடும். கோபத்தைக் காட்டாமல் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: ‘வணக்கம். நீக்கிய கட்டுரையை என் மணல்தொட்டிக்கு மாற்றித் தர முடியுமா? விளம்பர வரிகளை எடுத்துவிட்டு, ஆதாரம் சேர்த்து, உங்களிடம் காட்டிய பிறகே வெளியிடுகிறேன்.’ ஒரு வாரம் பதில் வராவிட்டால் இதையே, புதியவர்கள் உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தில் போடுங்கள்.