இலக்கு வைக்கும் மென்பொருள் வந்தால் ஊழியர்களுக்கு உற்சாகம் கூடுமா?

ஊழியர்களின் வேலை இலக்குகளை எழுதிவைத்து முன்னேற்றத்தைப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் தனி மென்பொருள் வாங்கப்போவதாகச் சொல்லி, பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சின்ன டீமை நடத்துகிறவனாக என் பதில்: உற்சாகத்தை அது உண்டாக்காது. இருப்பது வடிந்துபோகாமல் காக்கலாம், அதுவும் அப்ரைசலை (சம்பள உயர்வுக்கான மதிப்பீட்டை) அதிலிருந்து தள்ளி வைத்தால்.

"முடிந்தவரை நன்றாகச் செய்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குதான் நல்ல பலன் தரும் என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968லேயே எழுதிவிட்டார். பின்னால் கேரி லேதமுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகளில் இரண்டு நிபந்தனைகள் தெளிவாயின. இலக்கை வேலை செய்கிறவர் மனதார ஏற்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அவ்வப்போது தெரிய வேண்டும். மென்பொருளால் ஆகக்கூடியது இரண்டாவது மட்டும். முதலாவதற்கு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். எங்கள் டீமில் இலக்கின் முதல் வரைவை ஊழியரே எழுதுவார், நான் கருத்து மட்டும் சொல்வேன். மேனேஜர் எழுதி ஒதுக்கிவிடும் இலக்கை யாரும் வருட முடிவுவரை திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எழுதும் விதமும் முக்கியம். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் "புகார்களை விரைந்து தீர்ப்பேன்" என்று எழுதினால் அதில் அளக்க ஒன்றுமில்லை. "முதல் பதிலுக்கு இப்போது 9 மணி நேரம் ஆகிறது, இந்தக் காலாண்டுக்குள் 4 மணி நேரமாக்குவேன்" என்றால் சரி. கூடவே, தீர்ந்ததாக மூடிய புகார்கள் திரும்பத் திறக்கப்படுவது அதிகரிக்கக் கூடாது என்று இன்னொரு அளவையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேகம் வரும், தரம் போய்விடும்.

இனி அப்ரைசல். இன்டெல்லில் ஆண்டி குரோவ் வளர்த்த ஓகேஆர் முறையை (ஒரு இலக்கு, அதை எட்டியதைக் காட்டும் சில அளவுகள் என்று எழுதும் முறை) 1999ல் முதலீட்டாளர் ஜான் டோயர் கூகுளுக்குக் கொண்டுபோனார். அங்கே 0 முதல் 1 வரை மதிப்பெண், 0.6 அல்லது 0.7 வந்தாலே நல்லது. எப்போதும் 1 வருகிறதென்றால் இலக்கு தாழ்வாக இருந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதே மதிப்பெண்ணை வைத்து இன்க்ரிமென்ட் போட்டால் யார் 0.7க்குத் துணிவார்கள்? தூக்கத்திலும் செய்யக்கூடியதை எழுதிவைத்து முழு மதிப்பெண் வாங்குவார்கள். எல்லா இலக்கும் எட்டியாயிற்று என்று முழுக்கப் பச்சையாக இருக்கும் டாஷ்போர்டைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான். அழுத்தம் எல்லை மீறினால் இன்னும் மோசம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தது அம்பலமாகி, 2016ல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

இந்த மென்பொருள்களில் வரும் பேட்ஜ், பாயின்ட், லீடர்போர்டு (யார் முன்னே என்ற பட்டியல்) எல்லாம் முதல் மாதம் வேடிக்கையாக இருக்கும். அப்புறம் முதல் மூன்று இடத்தில் இருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். அதைவிட, பெரிய இலக்கைச் சிறு படிகளாகப் பிரித்து, முடித்ததைக் கண்ணில் படும்படி வைக்கும் வசதி பயனுள்ளது. ஆய்வாளர்கள் தெரெசா அமபைலும் ஸ்டீவன் கிரேமரும் ஊழியர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து கண்டதும் இதைத்தான்: அர்த்தமுள்ள வேலையில் சிறு முன்னேற்றம் தெரிந்தாலே அன்றைக்கு மனநிலை நன்றாக இருக்கிறது.

டெமோ காட்ட வருகிறவரிடம் கேளுங்கள்: காலாண்டின் நடுவில் ஊழியர் தன் இலக்கைத் தானே மாற்ற முடியுமா? அவர் எழுதும் குறிப்பு யார் யார் கண்ணில் படும்? ஜிரா, ஆசானா போல ஏற்கெனவே வேலைகளைப் பதிந்து நடத்தும் மென்பொருளோடு இணையுமா? தனி லாகின் என்றால் இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள். பத்துப் பேர் டீமுக்கு ஒரு எக்செல் தாளே போதும் என்பது என் எண்ணம். வாங்குவதென்று முடிவானால், தரவு முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இப்படிப்பட்ட மென்பொருள் நின்றும் போகலாம்: மைக்ரோசாஃப்ட்டே தன் இலக்கு மென்பொருளான வைவா கோல்ஸை 2025 டிசம்பரோடு நிறுத்துவதாக அறிவித்தது.