மோர்பின் பாணியைக் கொடுக்கலாமா?

கேள்வி: என்ர மகனுக்கு ஒன்பது வயது. மூளையில வருத்தம், மாத்தேலாது எண்டு சொல்லிப்போட்டினம். கதைக்க மாட்டான். இரவில அனுங்கி அனுங்கி அழுறான். கிளினிக்கில மோர்பின் பாணி தந்தவை. அது சாகப்போற ஆக்களுக்குக் குடுக்கிறது எண்டு மாமி மறிக்கிறா. போத்தல் அலுமாரிக்குள்ளயே கிடக்கு.
- ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, மாமியில் குற்றமில்லை. எங்கள் ஊரில் பலர் மோர்பினைக் கண்டதே புற்றுநோய் முற்றிய கடைசிக் கிழமையில்தான். வருத்தம் செய்ததை மருந்தின் தலையில் போட்டுவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் சிறுவர் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் மோர்பின் இருக்கிறது. மகனின் நிறைக்கேற்ப வைத்தியர் கணக்கிட்ட அளவு ஆயுளைக் குறைக்காது, நோவைத்தான் குறைக்கும்.

போத்தல் கனநாள் கிடந்திருந்தால் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள்; திகதியும் அளவும் பார்த்துச் சொல்வார்கள். தேக்கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிறிஞ்சால் அளவுங்கள். மணிக்கணக்குப்படி கொடுக்கச் சொல்லியிருந்தால் அவன் அழும்வரை காத்திருக்காதீர்கள். ஏறிவிட்ட நோவை இறக்குவது பெரும்பாடு. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவான், பிறகு தெளிவான். மலச்சிக்கல் மட்டும் தானாக மாறாது. அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பியும் எழும்பாமல் மூச்சு மிக மெதுவானால், அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

ஆனால் எல்லா அழுகைக்கும் மோர்பின் மருந்தல்ல. கதைக்க முடியாத பிள்ளைக்கு நெஞ்செரிவும் காதுக்குத்தும் பல்நோவும் ஒரே அழுகையாகத்தான் வெளியே வரும். ஒரு கொப்பி எடுங்கள். பருக்கி அரை மணித்தியாலத்தில் முதுகை வில்லாக வளைக்கிறானா? நெஞ்செரிவாக இருக்கலாம். உடுப்பு மாற்றக் காலை விரிக்கும்போது மட்டும் வீரிடுகிறானா? இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புருவம் சுருங்குவது, காலை மடக்கி இழுப்பது, தூக்கினால் அடங்குகிறானா என்பது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். போனிலும் அரை நிமிடம் எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போனால் பிள்ளை பேசாமல் படுத்திருக்கும், இரவில் பட்ட பாடு வைத்தியருக்குத் தெரியாது.

மாமிக்கும் ஒரு வேலை கொடுங்கள். அவனுக்கு மூச்சு வாங்கும்போது தலைப்பக்கம் உயர்த்திவிட்டு, பனையோலை விசிறியால் கன்னத்துக்கு நேரே மெதுவாக விசிறட்டும். முகத்தில் காற்றுப் பட்டாலே மூச்சுமுட்டும் தவிப்பு ஓரளவு அடங்கும். கரண்ட் நின்ற இரவிலும் இது கைகொடுக்கும். அப்படிப் பக்கத்தில் இருந்தால், மருந்து கொடுத்த பிறகு அவன் புருவம் விரிவதை அவவும் பார்ப்பா.