முகப்பு வேண்டாம், கிட்டங்கி போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குள் 1,800 சதுர அடியில் ஊழியர் கஃபே வடிவமைக்கிறேன். ‘செட்டிநாட்டு வீடு மாதிரி’ வேண்டுமாம். ஃபைபரில் தேக்குத் தூண்கள், தரைக்கு ஆத்தங்குடி கல் என்று திட்டம். தூணுக்கு எந்த நிறம் எடுபடும்? கல்லுக்கு மாதம் ஒரு ஆசிட் வாஷ் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூணுக்கு எந்த நிறம் அடித்தாலும் அது ஃபைபர்தான். விடுங்கள்.

செட்டிநாடு என்றால் எல்லோருக்கும் கல்யாண வீட்டு முகப்புதான் கண்ணில் நிற்கிறது. அந்த முகப்புக்கான பணத்தை எங்கே உட்கார்ந்து சம்பாதித்தார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அந்தக் காலத்தில் செட்டியார்கள் தொழில் நடத்திய கூட்டுக் கடைகளை, அதாவது கிட்டங்கிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரே கூடம், அதற்குள் பல வட்டிக்கடைகள். ஆளுக்கொரு பாய், சின்னக் கணக்கு மேசை, சுவரோரம் பெட்டகம். கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. வேலை செய்கிறவர்கள் கூடிச் சாப்பிடும் இடத்துக்கு இதைவிட நேரான முன்னோடி ஏது?

ஒரு சுவர் முழுக்க 16 அங்குல உயரத்தில் மேடை கட்டுங்கள். சம்மணமிட 30 அங்குல ஆழமாவது வேண்டும். அதன்மேல் 10, 11 அங்குல உயரத்தில் பெட்டிமேசை. சார்ஜர் பிளக் அதன் பின்பக்கம், தரையில் வேண்டாம். மொத்த இருக்கையில் மூன்றிலொரு பங்கு இது போதும். முழங்கால் வலிக்காரர்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

இப்போது அந்த ஆசிட். எஸ்., கல்லை வாங்குமுன் அது எதனால் ஆனது என்று கேட்டிருக்க வேண்டாமா? கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. சிமெண்டில் கலந்த சாயத்தை அச்சுக்குள் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி இறுக்குகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது, மேலே பூச்சு ஒன்றும் இல்லை. நிறமோ மேலே சில மில்லிமீட்டர்தான்.

ஆசிட் சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். முதல் தடவை பளிச்சென்று இருக்கும், அழுக்கோடு மேல்தோலும் போனதால். அடுத்தடுத்து நிறம் வெளிறும், தரை சொரசொரக்கும், காப்பிக் கறை இன்னும் ஆழமாக இறங்கும். உடனே இன்னும் கொஞ்சம் ஆசிட் கேட்பார்கள். எலுமிச்சை, புளி, ரசம்கூட இதே வேலையை மெதுவாகச் செய்யும். ஆகவே பரிமாறும் இடத்துக்கும் கைகழுவும் இடத்துக்கும் கிரானைட், உட்காரும் இடத்துக்கு மட்டும் ஆத்தங்குடி. தினம் வெறும் தண்ணீர்த் துடைப்பு, எப்போதாவது துணியில் துளி தேங்காயெண்ணெய். மெஷின் பாலிஷ் கூடாது. படலமாக ஒட்டும் சீலரும் கூடாது; கீழிருந்து வரும் ஈரம் சிக்கி உரிந்து வரும்.

இன்னொன்று. கல் முக்கால் அங்குலம், கீழே கலவை ஒன்றரை அங்குலம் என்றால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். மாடித் தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேளுங்கள். தரை அவ்வளவு உயர்வதால் வாசலில் படி விழும், சக்கர நாற்காலிக்குச் சரிவு விடுங்கள். பத்து சதவீதம் கூடுதலாக இப்போதே வாங்குங்கள். அடுத்த லோடு வேறு நிறத்தில் வரும்.

‘ஆசிட் கூடாது’ என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது, துடைப்பவர் அதைப் பார்ப்பதில்லை. துடைப்பம் வைக்கும் அலமாரியின் உள்கதவில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்.