பட்டறையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். மனைவி, இரண்டு மகள்கள். அமாவாசை தவறாமல் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போகிறவன். போன மாதம் எட்டாயிரம் ரூபாய் கட்டி ஏற்காட்டில் மூன்று நாள் தியான முகாமில் சேர்ந்தேன். அங்கே மனம் அடங்கியது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும், உதவிக்கு நிற்கும் பையனை அடிக்காத குறையாகத் திட்டிவிட்டேன். சில மாதங்களாகத் தூக்கம், பசி இரண்டுமே குறைவு. எதிலும் பிடிப்பில்லை. குடும்பத்தில் இருந்துகொண்டு தன்னை அறிய முடியாதோ? திருவண்ணாமலைக்கே போய்விடலாமா?

பதில்: போக வேண்டாம். அதாவது, தங்கிவிடப் போக வேண்டாம்.

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கிடைத்த அமைதி இறங்கியதும் தொலைந்ததென்றால், அதில் பாதி காப்பித் தோட்டத்துக் குளிரும் அணைத்து வைத்த கைபேசியும் தந்தது. உடம்புக்கு ஓய்வு கிடைத்தவரை லாபம்தான். ஆனால் மூன்றே நாளில் ஆத்ம ஞானம் என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம் இனி ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். மகள்களின் படிப்புச் செலவு இருக்கிறது.

திருவண்ணாமலை என்று எழுதியிருப்பதால் ரமணரையே எடுத்துக்கொள்வோம். 1902-இல் கேள்விகளோடு அவரிடம் போன சிவப்பிரகாசம் பிள்ளை காட்டில் தவம் கிடந்தவர் அல்லர். தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் சம்பளம் வாங்கியவர். அலுவலாக அந்த ஊருக்கு வந்தவர். ரமணர் அப்போது பேசுவதில்லை. அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக 1923-இல் வெளிவந்தன. வீட்டைத் துறக்கட்டுமா என்று பின்னாளில் கேட்டவர்களை அவர் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. இல்லறத்தான் என்ற நினைப்பு போன இடத்தில் துறவி என்ற நினைப்பு வந்து உட்காரும், மனம் கூடவேதான் வரும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்த நூலில் உள்ள வழி எளிது, செய்வதுதான் கடினம். விடிகாலையில் வீடு எழும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். முதலில் மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். உடனே வெள்ளி விலை வரும், சீட்டுப் பணம் வரும், முதலாளி சொன்ன சொல் வரும். விரட்ட வேண்டாம். இந்த எண்ணம் யாருக்கு வந்தது என்று கேளுங்கள். எனக்கு. அந்த ‘நான்’ யார்? வாய் வார்த்தையாகப் பதில் தேடாமல், ‘நான்’ என்ற உணர்விலேயே கவனத்தை வையுங்கள். அடுத்த எண்ணம் வந்து இழுத்தால் மறுபடியும் அதே கேள்வி. இதை மந்திரம் போல உருட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. பிடிபடவில்லையா, முருகன் பெயரைச் சொல்லி உட்காருங்கள், அதுவும் வழிதான்.

உண்மையில், கவனம் என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வெங்காரப் பொடி தடவிய கொலுசுக் கண்ணியில் தீ படும்போது, பற்றவைக்கும் உலோகம் உருகி ஓடும் அந்த ஒரு கணத்துக்காகக் கண்ணிமைக்காமல் காத்திருக்கிறீர்கள். சற்றுப் பிந்தினால் கண்ணியே உருகி வேலை பாழ். அதே கவனம் பையன் தப்பு செய்யும்போது வேண்டும். காது சூடேறுகிறது, பல் கடிக்கிறது, சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கோபம் யாருக்கு என்று கேட்கச் சரியான நேரம் அதுதான். பல நாள் திட்டி முடித்த பிறகுதான் நினைவு வரும். பரவாயில்லை, அப்போதாவது கேளுங்கள். காலைப் பத்து நிமிடம் இதற்கான பயிற்சிதான் என்பது என் கட்சி.

சாப்பாடு பற்றியும் அந்த நூலில் உண்டு: அளவாக, சாத்விகமாக. இரவு பத்து மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டு விடிகாலையில் உட்கார்ந்தால் தூங்கித்தான் விழுவீர்கள். புத்தகங்களை அடுக்காதீர்கள், ஒன்று போதும். கஞ்சமலைக்கு ஒருமுறை அமாவாசையை விட்டு, கூட்டமில்லாத நாளில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று கடிதத்தில் என்னை உறுத்தியது. தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பதை உலகப் பற்று விட்ட வைராக்கியம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், மருந்தால் சரியாகக்கூடியது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போங்கள். தியானத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திருவண்ணாமலைக்கு ஒரு சனி, ஞாயிறு போய் வாருங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு. பௌர்ணமி வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. ரமணாசிரமத்தில் தங்குவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.